அப்பா உயரத்துக் கண்ணாடி

பிள்ளைகளா, வீட்டுப் பட்டறையில் சாய்த்துத் திருப்புகிற நிலைக்கண்ணாடி ஒன்று செய்துகொண்டிருந்தேன். “செவுத்துல ஆணி அடிச்சு மாட்டுனா போதாதாப்பா?” என்றாள் மகள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் என்று அவளுக்குச் சொன்னேன்.

பாளையங்கோட்டை வீட்டில் எங்கள் ஒரே கண்ணாடி அப்பாவின் உயரத்தில்தான் ஆணியில் தொங்கியது. தேவாலயத்தில் முதல் நற்கருணை பெறும் திடப்படுத்தல் ஆராதனைக்குக் கிளம்பிய அக்கா எக்கிப் பார்த்தாள். நெற்றிதான் தெரிந்தது. கன்னத்தில் பவுடர் திட்டுத் திட்டாக நின்றதை வீட்டில் யாருமே கவனிக்கவில்லை.

“ஏட்டி, மாவு மில்லுல விழுந்தியா?” என்று கோயில் வாசலில் தோழி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அழுதாள். ஆராதனை முடியும்வரை அப்பா தலைநிமிரவில்லை. நானும்தான்.

வீடு திரும்பியதும் அப்பா ஆணியைப் பிடுங்கி அக்காவின் உயரத்தில் அடித்தார். அதன்பின் கடைசிவரை குனிந்துதான் சவரம் செய்தார்.

கேட்டுக்கொண்டிருந்த மகள், “நீங்க குனிய வேண்டாம்ப்பா” என்று கண்ணாடியைப் பைய என் பக்கம் நிமிர்த்தினாள்.