கத்தரிப்பூ நிற டி-ஷர்ட்

இலைப் படம் போட்ட அட்டையைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது. துணிக்கடையில் டி-ஷர்ட்டின் கழுத்தில் சணல் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பழுப்பு நிற அட்டை, அதில் ஒரு பச்சை இலை, கீழே பூமியைக் காக்கும் உடை என்று ஒரு வரி. எந்தப் பூமியை, எப்படி என்று கேட்டால் கடையில் நிற்கும் பிள்ளை என்னைப் பாவமாகப் பார்க்கும். அதைச் சொல்லிக் குற்றமில்லை. காலையிலிருந்து நின்று நின்று அதற்குக் கால்வலி, இதில் நான் வேறு.

எங்கள் கல்லூரி மைதானத்தில் சாயங்காலம் நடக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டிருப்பார்கள். அதைத் தேடித் தேர்ந்தெடுத்தவள் நான்தான். ஆனால் நான் மட்டும் பழைய சுடிதாரிலேயே நடக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் "துவைக்கப் போட்டிருக்கேங்க" என்று சொல்லிவிடுவேன். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது.

திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஐம்பதைத் தொடுவதற்குள் சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். விசாரித்தால் அலுவலகத்திலும் ஆசிரியர்களிலும் பாதிப் பெண்களை அவரவர் டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருந்தார். மாலையில் கல்லூரி பஸ் கிளம்பும் வரை மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தோம். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிலர், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சிலர். வேர்வையில் சேலை காலைச் சுற்றி ஒருத்தர் விழப் பார்த்த அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் மேடம் சொன்னார்: "எல்லாரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் எடுத்துக்கலாமுங்க. அப்பத்தான் யாரும் டிமிக்கி குடுக்க முடியாது."

எடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் அப்பா தறி ஓட்டியவர், ஆகவே எனக்குத் துணி தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நானும் சும்மா தலையாட்டவில்லை. தண்ணீரைக் கெடுக்காத துணியாகத்தான் எடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் அண்ணன் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் புலம்பாத நாள் இல்லை.

அண்ணன் தோட்டத்துக்கு மேட்டுப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயப்பட்டறைகள் வந்தன. கொஞ்ச காலத்தில் கிணற்றில் நிறம் வர ஆரம்பித்தது. ஒரு சமயம் நீலம், ஒரு சமயம் சிவப்பு, சில சமயம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறம். நாக்கில் வைத்தால் கரிக்கும். மாட்டுக்கு வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாடுகளை விற்றார்கள். தென்னையில் குரும்பை உதிர்ந்தது. குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்கு டிராக்டரில் வரும் தண்ணீர் என்று ஆகிவிட்டது. அண்ணன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமையானால் மனுக் கொடுக்கப் போவார். சோதித்துப் பார்க்க ஆள் வருகிற நாளில் கிணறு தெளிந்து, வானம் தெரியக் கிடக்கும். அண்ணன் முகத்தை அன்றைக்குப் பார்க்கச் சகிக்காது.

அந்தக் கிணற்றுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் உடுத்துகிற துணியின் சாயமாவது இன்னொருத்தர் கிணற்றில் போய் விழாமல் இருக்கட்டும் என்ற வீம்புதான் எனக்கு மிச்சம். ஒரு டி-ஷர்ட்டுக்காகவா இவ்வளவு என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆமாம், ஒரு டி-ஷர்ட்டுக்காகத்தான். மற்றதெல்லாம் கைமீறிப் போய்விட்டதே.

எங்கள் பக்கத்தில் துணி வாங்கப் போனால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாகும். பாலியெஸ்டர் என்றால் சுருங்கி உருகி, நுனியில் கடுகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை நிற்கும். அப்பா காலத்துப் பழக்கம். இப்போது கைப்பையில் தீப்பெட்டி வைத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்காரர்கள் பதறுவார்கள். வாசலுக்குப் போய்க் கொளுத்துவேன்.

சேலத்தில் ஒரு பெரிய கடையில் பழைய தண்ணீர் பாட்டிலை உருக்கிச் செய்த டி-ஷர்ட்டைக் காட்டினார்கள். கொளுத்தாமலே தெரிந்தது, பிளாஸ்டிக். பாட்டில் குப்பையில் போகாமல் சட்டையானது நல்லதுதானே என்றார் கடைக்காரர். துவைக்கத் துவைக்க நூல் தூள் தூளாகத் தண்ணீரில் போகுமே, அது என்ன ஆகும் என்றேன். "அதெல்லாம் கண்ணுக்கே தெரியாதுங்க மேடம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அடுத்த கடையில் மூங்கில் துணி. தொட்டால் வெண்ணெய் போல இருந்தது. மூங்கிலைக் கரைத்துக் கூழாக்கி நூலாக இழுக்க ஏகப்பட்ட ரசாயனம் வேண்டும் என்று படித்திருக்கிறேன், அதை எங்கே கழுவி விடுகிறார்கள் என்று கேட்டேன். "மூங்கில்னா இயற்கைங்க" என்பதோடு பதில் முடிந்தது. இன்னொரு இடத்தில் அட்டையில் பருத்தி என்று பெரிதாக இருந்தது. உள்ளே இடுப்புப் பக்கம் தைத்திருந்த சின்னத் துணியில் பாலியெஸ்டரும் எலாஸ்டிக் நூலும் கலந்தது என்று இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். வேறொரு கம்பெனி சான்றிதழே வைத்திருந்தது. முழுக்கப் படித்தால் அது பஞ்சுக்கு வாங்கிய சான்றிதழ். பஞ்சு நூலாகி, துணியாகி, சாயத்தில் முங்கி எழுந்த கதை அதில் இல்லை.

எனக்குத் தேவைப்பட்டதோ அந்தக் கதைதான். சாயம் போடுகிற குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால் கொஞ்சம் தெரியும். பருத்தியில் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அப்படியும் துணி எல்லாச் சாயத்தையும் பிடித்துக்கொள்ளாது. பிடித்தது போக மிச்சத்தை அலசி அலசி வெளியேற்றினால்தான் துணி வாங்கியவர் வீட்டில் சாயம் போகாமல் இருக்கும். அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஓமலூர்ப் பக்கம் ஒரு கடை, ஈரோட்டில் இரண்டு கடை, செல்போனில் தேடியது கணக்கில் இல்லை. எங்கேயும் அந்தக் கேள்விக்கு இலைப் படம்தான் பதில்.

இதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. மைதானத்தில் என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். "உங்க டி-ஷர்ட் வாரதுக்குள்ள எங்களுக்குச் சக்கரையே குணமாயிருமுங்க" என்றார் கம்ப்யூட்டர் மேடம்.

கடைசியில் சேலத்தில் ஒரு கண்காட்சியில் அவர்களைப் பார்த்தேன். இளம் தம்பதி, சொந்தமாகச் சின்னக் கம்பெனி. நம் பக்கத்துப் பருத்தி நூல், நம் பக்கத்திலேயே பின்னல், தையல் என்று அட்டையில் தமிழிலேயே போட்டிருந்தார்கள். நூலை உருவிக் கொடுத்ததும் அந்தப் பெண்ணே. கொளுத்தினேன். காகித வாசம், சாம்பல். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உடம்போடு ஒட்டாத தைப்பு, பின்பக்கத்தை மறைக்கிற நீளம். எங்கள் பெண்கள் கேட்டது அதைத்தான்.

"சாயம் எங்கீங்க போடறீங்க?" என்றேன்.

"வெளிய குடுக்கறமுங்க. நம்ம பக்கந்தான். சுத்திகரிக்கற பிளான்ட் வெச்சிருக்காங்க" என்றார் கணவர்.

"நான் வந்து பாக்கலாமுங்களா?"

"கேட்டுச் சொல்றமுங்க."

போனில் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். வேலை நெருக்கடியாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. அவர்களுமே உள்ளே போய்ப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். பிளான்ட் இருக்கிறது என்று பட்டறைக்காரர் சொல்லியிருப்பார், இவர்கள் நம்பியிருப்பார்கள். அவர்களை நான் நம்பினேன். அதற்கு மேல் துருவித் துருவிக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பருத்திதான், பக்கத்து ஊர்தான், கொளுத்தியும் பார்த்தாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு சரி என்றேன். நிறத்துக்கு மைதானத்தில் கைதூக்கச் சொன்னோம். கத்தரிப்பூ ஜெயித்தது.

துணி வந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. வேர்வையை உறிஞ்சிக்கொண்டது, தொளதொளவென்று தொங்கவில்லை. நான் சொன்ன விவரத்தையெல்லாம் கேட்டு எல்லோரும் என்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. நங்கையாவுக்கு ஒன்று கூடுதலாக எடுத்திருந்தேன். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனேன். நங்கையா சேலைக்கு மேல் அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வண்டியில் வந்த தண்ணீரை டிரம்மில் பிடித்துக்கொண்டிருந்தார். காட்டு வேலைக்கு எங்கள் பெண்கள் காலகாலமாக உடுத்துவது அதுதான். முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. அண்ணன் வீட்டில் இல்லை.

"வாங்க அம்மிணி. என்ன இவ்ளோ வெயில்ல?"

டி-ஷர்ட்டைக் கொடுத்தேன். பிரித்து, உடம்பில் வைத்துப் பார்த்து, சிரித்தார். "வாக்கிங் போற துணியா? எனக்கெதுக்குங்க வாக்கிங்? ஊட்டுக்கும் டிரம்முக்கும் நடக்கறது போதாதுங்களா?"

"சட்டைக்குப் பதிலாப் போடுங்க நங்கையா. காத்தோட்டமா இருக்கும். பருத்திதான், கொளுத்திப் பாத்துட்டேன்."

"நீங்க பாத்தா அது செரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த நம்பிக்கையில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கள் வீடுகளில் சாயத் துணியைப் புதிதாக எடுத்தால், ஒரு முறை உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்காமல் உடுத்த மாட்டார்கள். சாயம் போகுமா போகாதா என்று அதில் தெரிந்துவிடும். "உப்புக்கு எங்கியும் போக வேண்டீதில்ல, நம்ம கெணத்துலயே கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே நங்கையா வாளியை எடுத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டார். வெள்ளை பிளாஸ்டிக் வாளி. தண்ணீர் நிறைந்தது.

வாளியில் இருந்த தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக இருந்தது. அடர்த்தியாக இல்லை, வெளிறி, ஓரத்தில் கொஞ்சம் நுரையோடு. ஆனால் சந்தேகமில்லை, அதே நிறம்.

நங்கையா ஒரு கையில் டி-ஷர்ட்டை வைத்துக்கொண்டு வாளிக்கு மேலே குனிந்தபடி நின்றார். துணியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுல முக்குனா சாயம் போவுதா இல்லையான்னு எப்படீங்க தெரியும்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசனையில் இருந்தார்.

"எப்ப இருந்து இந்தக் கலருங்க?"

"போன மாசம் பூராவும் இதானுங்க. உங்கண்ணனும் பாட்டல்ல புடிச்சுட்டுத்தான் போனாரு."

போன மாதம்தான் எங்கள் துணி சாயத்துக்குப் போயிருந்தது. எத்தனையோ பட்டறை, எத்தனையோ ஆர்டர். நாட்டில் நாங்கள் மட்டுமா கத்தரிப்பூ கேட்டிருப்போம்? இதுதான் அது என்று யாராலும் சொல்ல முடியாது. அல்ல என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கண்காட்சிப் பெண்ணுக்குப் போன் செய்து கத்தலாம் என்று ஒரு நிமிடம் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும் என்று அதுவும் தணிந்துவிட்டது. அப்படியே தொட்டி மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேனே என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

"இருங்க, இருங்க" என்று நங்கையா உள்ளே போனார். குடிக்க வைத்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்னொரு வாளியில் சாய்த்தார்.

"வேண்டாமுங்க நங்கையா. குடிக்கற தண்ணி."

"அட, நீங்க ஆசையா வாங்கியாந்தது" என்றவர் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். டி-ஷர்ட்டை முக்கினார். அழுத்தினார், கசக்கினார், கொஞ்ச நேரம் ஊறவிட்டார். பிறகு தூக்கிப் பிழிந்தார். வாளித் தண்ணீர் அடி தெரியத் தெளிவாக இருந்தது.

நங்கையாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல துணியாத்தாங்க எடுத்திருக்கீங்க, அம்மிணி. பாருங்க, துளி சாயம் போவுல" என்றார்.

இரண்டு வாளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.