பதினோரு வயதில் இரண்டாம் வகுப்பு

கோரிக்கை வைப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குக் கடைசியில் கிடைக்கும் ஓய்வூதியம் தொண்டைக்கட்டு ஒன்றுதான். மில் வாசல், தண்ணீர்க் குழாய், பஸ் நிறுத்தம் என்று எல்லாவற்றுக்கும் கத்தியவன் நான். எட்டாவதோடு பள்ளியை விட்டேன். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில். என்னை யாரும் விலைக்கு வாங்கியதில்லை என்று மேடையில் பெருமையாகச் சொல்வேன். யாரும் விலை கேட்டதில்லை என்பதைச் சொல்ல மாட்டேன். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று பழகிய உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், காரமடைப் பக்கம் நடந்த ஒரு போராட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கேட்டது இவ்வளவுதான்

அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை பாடத்தை முழுதாகக் கற்றுவிட்டால் அடுத்த வகுப்புக்கு அனுப்புங்கள். வருடம் முடியட்டும் என்று கட்டிப்போடாதீர்கள். கற்காத பிள்ளையை வருடம் முடிந்துவிட்டதென்று தள்ளியும் விடாதீர்கள், தெரியும்வரை சொல்லிக்கொடுங்கள். ரோஸ் நிறத் தாளில் எங்கள் சங்கத்தின் பேரில் இதை அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் கொடுத்தோம்.

வாழைத்தார் ஏற்றிவிட்டு வந்த விவசாயி ஒருவர் வாங்கி, நின்று நிதானமாக முழுவதும் படித்தார். அப்படிப் படிக்கிறவர்கள் அபூர்வம் என்பதால் பக்கத்தில் போய் நின்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, பாஸ் பண்ணினாப் பத்தாதுங்களா? பாடமும் தெரியோணுங்களா?"

மரகதம்

இந்தக் கோரிக்கை எங்கள் மூளையில் உதித்ததல்ல. ரங்கன் என்ற தோட்டக் கூலியின் மகள் மரகதத்தைப் பார்த்த பிறகு வந்தது. ரங்கனும் மனைவியும் கறிவேப்பிலை ஒடிக்கிறவர்கள். தோட்டம் தோட்டமாக மாறிக்கொண்டே இருந்ததால் மகளைப் பத்து வயதில்தான் பள்ளியில் சேர்த்தார்கள். பத்து வயதென்றாலும் புதிதாகச் சேர்ந்தால் ஒன்றாம் வகுப்புத்தான் என்று உட்கார வைத்தார்கள். அடுத்த வருடத்துக்குள் அந்தப் பெண் பக்கத்து வீடுகளில் புத்தகம் கேட்டு வாங்கி, நாலாம் வகுப்புவரை படித்து முடித்திருந்தாள். ஆனாலும் பதினோரு வயதில் இரண்டாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் டீ குடிக்கப் போனால் வகுப்பை அவள்தான் பார்த்துக்கொள்வாள். கால்சட்டைப் பொத்தான் கழன்றால் பொடிசுகள் அவள் முன்னால்தான் வரிசையில் வந்து நிற்கும். அவளை 'டீச்சரக்கா' என்றுதான் கூப்பிடும்.

ரங்கனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. "டீச்சரக்கான்னு சின்னதுக சொல்லுதுங்க. பெருசுக மக்குன்னுதான சொல்லுதுங்க. சாதி சொல்லிச் சிரிச்சாக்கூடப் பழகிப்போச்சுங்க, இது தாங்க முடியலீங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப அஞ்சாவதுல உக்காரலைன்னா, எங்ககூடக் கருவேப்பலை ஒடிக்க வரட்டுமுங்க."

ரெஜிஸ்தர்

தலைமையாசிரியர் நல்லவர். நல்லவர்களிடம் போராடுவது போன்ற சலிப்பு வேறில்லை. கெட்டவனாக இருந்தால் சத்தமாவது போடலாம். அவர் மரகதத்தைக் கூப்பிட்டு, கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதினார். அவள் சாக்பீஸை வாங்கிப் போட்டுமுடித்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அவர் விடையைச் சரிபார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "புள்ளைக்குத் தெரியுதுங்க. ஆனா ரெஜிஸ்தருக்குத் தெரியலீங்களே. அது இன்னும் ரெண்டு வருசம் கேக்குது. ஏ.இ.ஓ. சொன்னாத்தானுங்க ரெஜிஸ்தர் கேக்கும்."

காலண்டர்

ஆகவே, பள்ளிகளை மேற்பார்க்கும் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். நாள் குறிக்கும்போது மைக்செட்காரருக்குத் தோதாக இருக்கிறதா, தோழர்களின் மில் ஷிப்டுக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் பார்த்தோம். பஞ்சாங்கம் பார்க்காதவர்கள் என்பது எங்கள் சங்கத்தின் பெருமை. அன்று காலை கொடியோடு போய் இறங்கினால் கதவில் பூட்டு. தெருவெல்லாம் மாட்டு வண்டியும் லாரியுமாக ஜனம். மாசி மாதம், ரங்கநாதர் தேர். சுற்றுவட்டாரத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த நாள். உள்ளூர் விடுமுறை.

வந்தது வந்துவிட்டோம் என்று பூட்டைப் பார்த்துக் கோஷம் போட்டோம். தேர்ப் பாதுகாப்புக்குப் போய்க்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் நின்று எங்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "உங்களுக்குச் சாமி இல்லீங்க, சரி. காலண்டருமா இல்லை?"

மோர்ப் பந்தல்

அதிகாரி தேர்வீதியில் மோர்ப் பந்தலில் நிற்கிறார் என்று யாரோ சொன்னார்கள். ஆர்ப்பாட்டத்துக்கு மகளோடு வந்திருந்த ரங்கன், "தேரு ஓடற அன்னைக்குக் கேட்டா ஆரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க, வாங்க" என்று நடந்தார். "அது பிச்சை ரங்கா, நாம் கேட்பது உரிமை" என்றேன். அவர் காதில் விழவில்லை. பந்தலை நெருங்கியதும் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தத் துண்டு தோளில் இருக்க வேண்டும் என்று அவருக்கு எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன். சுருட்டிய கொடியோடு பின்னால் நின்றேன்.

அதிகாரி நெற்றியில் நாமம், கையில் செம்பு. ரங்கன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எதையாவது படி அம்மணி, பார்ப்போம்" என்றார். கையில் வேறு தாள் இல்லை. அவள் என்னிடமிருந்த துண்டறிக்கையை உருவி, கணீரென்று படித்தாள். மூன்றாவது பத்தியில் 'கல்நெஞ்சம் படைத்த அதிகாரியே' என்று இருந்தது. அதையும் படித்தாள். ரங்கன் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "என்னையத் திட்டறதைக்கூட நிறுத்தி நிதானமாப் படிக்குது. நாலாவது முழுப் பரீட்சை எழுதட்டும், எச்.எம்.கிட்டச் சொல்றேன்" என்று அவளுக்கு மோர் ஊற்றினார். "மற்ற பிள்ளைகளுக்கு?" என்று கேட்டேன். எனக்கும் ஒரு டம்ளரை நீட்டியபடி சொன்னார்: "ஒரு புள்ளைக்குன்னா செஞ்சுபோடலாமுங்க. எல்லாப் புள்ளைகளுக்கும்னா அரசாணை வேணும். இதை நோட்டீஸ் அடிச்சீங்கன்னா, அடுத்த நாளே அவ ரெண்டாவதுல உக்காந்திருப்பா."

ஜூன்

மரகதம் பரீட்சை எழுதினாள். ஜூனில் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். ரங்கன் எனக்கு ஒரு கட்டுக் கறிவேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் வகுப்பின் கடைசி வரிசையில் இன்னும் சில உயரமான தலைகள் தெரிந்தன. அவர்களுக்காகப் போராட்டத்தைத் தொடர்ந்தோம். அடுத்த துண்டறிக்கையில், 'இன்றுவரை ஒரு குழந்தையைக்கூட மேல்வகுப்புக்கு அனுப்பவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். வேறு எப்படி எழுத முடியும்? அரசாணை வரவேயில்லை. அந்தத் தலைகள் ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்கும் மில்லுக்கும் போயின.

பஸ் ஸ்டாண்டில் அந்தத் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளி விட்டு வந்த மரகதம் ஒன்றை வாங்கினாள். தோழர் என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன்; அவளுக்கு அது மரியாதையோடுதான் வரும். முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "ஏனுங்க தோழருங்க, அப்ப நானு குழந்தை இல்லீங்களா?"

இத்தனை வருடப் பொதுவாழ்வில் நான் அச்சடிக்காமல் விட்ட ஒரே துண்டறிக்கைதான் வேலை செய்தது.