எக்ஸ்சேஞ்ச் அம்மாவும் தக்காளிக் கடிதமும்

பத்தொன்பது வருடம் அவர் பல்கலைக்கழகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்ஃபோன், எதிரே நூற்றுப்பத்து இணைப்புகள் கொண்ட பலகை. "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே பேசுவது எந்தத் துறை, காலையில் வீட்டில் சண்டையா சமாதானமா என்பது வரை கண்டுபிடித்துவிடுவார். துணைவேந்தர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

ஒரு நாள் நான்கு பேர் வந்து பலகையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லார் பையிலும் செல்போன் வந்தாயிற்று, இனி எக்ஸ்சேஞ்ச் எதற்கு? அவருக்கோ ஓய்வு பெற இன்னும் பதினோரு வருடம் இருந்தது. இவரை எங்கே போடுவது என்று பதிவாளர் அலுவலகம் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கணினி உதவிப் பிரிவுக்கு அனுப்பியது. போன் எடுக்கத் தெரியும் என்பதுதான் ஒரே தகுதி.

அங்கே இரண்டு பொறியாளர்கள். ஒருவர் நெட்டை, இன்னொருவர் அவரைவிட நெட்டை. புகார் வந்தால் எழுதி வைப்பது, புதிதாக வேலைக்குச் சேருபவர்களின் முகவரியைப் பொதுப் பட்டியலில் ஏற்றுவது, இவ்வளவுதான் அம்மாவின் வேலை. முதல் வாரத்தில் எண்பத்து மூன்று புகார் எழுதினார். அறுபதுக்கு மேல் படுசாதாரணம். ஒன்பது பேருக்குக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதிலேயே சரியானது. ஆறு பேருக்கு ஒயர் சுவரிலிருந்து கழன்றிருந்தது. தத்துவத் துறைத் தலைவர் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்ததாக இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"சார், இதையெல்லாம் அவங்களுக்கு எழுதி அனுப்பக் கூடாதா?" என்று நெட்டையர்களில் ஒருவரிடம் கேட்டார்.

"மாசா மாசம் அனுப்புறோமே, நாலு பக்கம்!"

அந்த நாலு பக்கத்தை அம்மா படித்துப் பார்த்தார். முதல் வாக்கியம் பதினொரு வரி ஓடியது. 'பயனர் அங்கீகார நெறிமுறைகள்' என்ற இடத்தில் அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

அன்று மாலையே வீட்டில் சமையலறை மேசையில் உட்கார்ந்து தானே எழுத ஆரம்பித்தார். வீட்டில் மூன்று பேர்: அவர், பஸ் ஓட்டும் கணவர், கணவரின் அக்கா. அந்த நாத்தனார் பூக்கடை வைத்திருப்பவர். எதையும் முகத்துக்கு நேரே சொல்பவர். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினார்.

"புரியலை," என்றார் நாத்தனார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"எது அண்ணி புரியலை?"

"முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும். எனக்குச் சொல்ற மாதிரி எழுதேன். வெங்காயம் நறுக்குற கையோட எனக்குப் புரிஞ்சா, எந்தப் பேராசிரியருக்கும் புரியும்."

அதுவே சட்டமாகிவிட்டது. நாத்தனார் தலையாட்டாத எதுவும் பல்கலைக்கழகத்துக்குள் நுழையாது. அரைத்தாள், பெரிய எழுத்து, ஒரு தடவைக்கு ஒரே விஷயம். மெயிலில் அனுப்பினால் யாரும் படிக்கப்போவதில்லை என்பதால், மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று யோசித்தார். எல்லாக் கழிப்பறைக் கதவுகளிலும், உள்பக்கம், கண்ணுக்கு நேராக ஒட்டினார்.

முதல் குறிப்பு கடவுச்சொல் பற்றியது. 'ஒற்றைச் சொல்லாக வேண்டாம், ஒரு முழு வாக்கியமாக வையுங்கள். உங்கள் மாமனார் செய்து, நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லாத ஏதாவது ஒன்று. நீளமாகவும் இருக்கும், சாகும்வரை மறக்கவும் மறக்காது. அதையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.' பொருளாதாரத் துறைக் கழிப்பறையில் யாரோ தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் சத்தம் மாடிப்படி வரை கேட்டது. இரண்டு மாதத்தில், மற்ற மாடிகளில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கவே பேராசிரியர்கள் மூன்று மாடி ஏறிப் போனார்கள். புகார்கள் பாதியாகக் குறைந்தன. இரண்டு பொறியாளர்களுக்கும் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடைத்தது. இருவரும் ஒரு சுற்றுப் பெருத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் வெளியூரில் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். காலை பத்தே முக்காலுக்கு அம்மாவின் திரையில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. அனுப்பியவர் நிலவியல் பேராசிரியர். பல்கலைக்கழகத்திலேயே கறாரான ஆள். மாணவர்களுக்கு அரை மதிப்பெண் கொடுக்கவே அரை மணி நேரம் யோசிப்பவர். முப்பது வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடிதம் இப்படி இருந்தது:

'என் செல்லக்குட்டிக்கு, நேற்று நான் பேசியது தப்பு. நியாயம் உன் பக்கம்தான். சாயங்காலம் வரும்போது தக்காளி இரண்டு கிலோ வாங்கி வருகிறேன். சிரித்துவிடு. இப்படிக்கு, உன் பாறாங்கல்.'

அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பெறுநர் இடத்தைப் பார்த்தார். 'அனைத்துப் பணியாளர்கள்' என்று இருந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு செல்லக்குட்டிகள்.

ஒரு நிமிடம் உலகமே மூச்சடக்கியது போலிருந்தது. பிறகு சட்டத் துறையிலிருந்து ஒரு பதில், எல்லாருக்கும்: 'என்னை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கவும்.' உடனே நாற்பது பேர், எல்லாருக்கும்: 'என்னையும்.' 'தயவுசெய்து எல்லாருக்கும் பதில் அனுப்பாதீர்கள்' என்று வேதியியல் துறையிலிருந்து ஒருவர் எல்லாருக்கும் அனுப்பினார். அதை வழிமொழிந்து அறுபத்தேழு பேர் எல்லாருக்கும் அனுப்பினார்கள். நூலகர், தக்காளியை நூலகத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை என்பதை நினைவூட்டினார். புள்ளியியல் பேராசிரியை, இந்த வேகத்தில் போனால் மதியத்துக்குள் எட்டு லட்சம் கடிதங்கள் என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து, அதையும் எல்லாருக்கும் அனுப்பினார். போதாக்குறைக்கு, விடுமுறையில் இருந்த அதிகாரி ஒருவர் 'நான் பதினான்காம் தேதிதான் வருவேன்' என்ற தானியங்கிப் பதிலைப் பொதுப் பட்டியலுக்கே போகும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பதில் அவருக்கே திரும்பி வர, அதற்கும் அவரே பதில் சொல்ல, மனிதர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே இங்கே தனக்குத்தானே முந்நூறு கடிதம் எழுதிவிட்டார்.

பதினொன்றே காலுக்கு மெயில் ஏறக்குறைய நின்றே போயிற்று. பதிவாளர் போன் செய்தார்.

"அம்மா, இது வைரஸா?"

"இல்லை சார், காதல்."

நெட்டையர்கள் இருவரின் போனும் அணைந்து கிடந்தது. முகவரி ஏற்றுவதற்காகத் தினமும் திறக்கும் பட்டியல் பக்கத்தை அம்மா திறந்தார். இதுவரை கண்டுகொள்ளாத ஒரு மூலையில், 'இந்தப் பட்டியலுக்கு யார் எழுதலாம்?' என்று ஒரு கட்டம். 'எல்லாரும்' என்பதில் டிக் விழுந்திருந்தது. கீழே இன்னொரு வாய்ப்பு: 'பொறுப்பாளர்கள் மட்டும்'. அதை அழுத்தியதும், 'உறுதியாகவா?' என்று சிவப்பில் கேட்டது. பூக்கடைக்குப் போன் போட்டார்.

"அண்ணி, எல்லாரும் ஒரே நேரத்துல கத்திக்கிட்டிருக்காங்க. எல்லார் வாயையும் மூட ஒரு பொத்தான் இருக்கு. உறுதியாவான்னு கேக்குது. அமுக்கட்டுமா?"

"அப்படி ஒரு பொத்தான் இருக்கா!" நாத்தனார் குரலில் அத்தனை ஏக்கம். "அமுக்குடி! அமுக்கிட்டு, அதுல வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா."

அமுக்கினார். வரிசையில் ஏற்கெனவே நின்றவை மட்டும் ஒவ்வொன்றாக வந்து தீர்ந்தன. பிறகு நிசப்தம்.

அடுத்து அவர் போனது நிலவியல் துறைக்கு. பேராசிரியர் கல் மாதிரிகள் வைக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே நின்ற உதவியாளர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சார், நான் எக்ஸ்சேஞ்ச் பேசுறேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது, "நான் ராஜினாமா எழுதிட்டேம்மா."

"சரி சார். அதையாவது யாருக்கு அனுப்புறீங்கன்னு பாத்து அனுப்புங்க."

கதவு ஒரு விரற்கடை திறந்தது. அம்மா உள்ளே போய் எதிரே இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். பேராசிரியரின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"மொத்தப் பல்கலைக்கழகமும் படிச்சிடுச்சு. இல்லையா?"

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாலு பேர் சார். ஆனா ஒரு விஷயம் சொல்லட்டுமா? உங்க வீட்டம்மா இங்கே வேலை பாக்கலையே. அவங்க பேர் பட்டியல்லேயே கிடையாது. ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்த மன்னிப்பு, அவங்களுக்கு மட்டும் போகலை."

நேற்றிரவிலிருந்து மனைவி பேசவில்லை என்பதும், இன்னும் காத்துக்கொண்டிருப்பார் என்பதும் அப்போதுதான் பேராசிரியருக்கு உறைத்தது. விறுவிறுவென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"இருங்க சார், இருங்க! முதல்ல கடிதத்தை எழுதுங்க. முகவரியைக் கடைசியில போடுங்க. முகவரி காலியா இருந்தா நீங்க எத்தனை தடவை தப்பா அமுக்கினாலும் அது எங்கேயும் போகாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். போட்டதும் ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க."

ஒற்றை விரலால் கடிதத்தைப் புதிதாக எழுதினார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் முகவரியைப் போட்டு, மனைவியின் பெயரைச் சத்தமாக, ஏதோ பட்டமளிப்பு விழாவில் அறிவிப்பது போலப் படித்துவிட்டு அனுப்பினார். நாலே நிமிடத்தில் பதில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியரின் முகம் என்னமோ ஆயிற்று; கன்னம் மேலே போயிற்று, பல் தெரிந்தது. அவர் சிரிக்கிறார் என்பது உதவியாளருக்குப் புரியவே சற்று நேரமானது. திரையில் இரண்டே சொல்: 'மூணு கிலோ.'

ராஜினாமாக் கடிதம் குப்பைத்தொட்டிக்குப் போனது. மறுநாள் காலை அவர் அறைக்கு வெளியே இருபத்தாறு பைகள் இருந்தன, எல்லாவற்றிலும் தக்காளி. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: 'பாறாங்கல்லுக்கு, அன்புடன்.' சட்டத் துறைக்காரர் மட்டும் 'என்னை நீக்கவும்' என்று எழுதி, அடியில் 'பட்டியலிலிருந்து மட்டும்' என்று சேர்த்திருந்தார். மதிப்பெண் தாள்களை வாங்க வந்த மாணவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு தக்காளி கிடைத்தது. அந்த வாரக் கழிப்பறைக் குறிப்பு, 'முகவரி கடைசியில்!' என்பதுதான். பேராசிரியரே அதில் கையெழுத்துப் போடுகிறேன் என்று அடம்பிடித்தார். பாறாங்கல் என்றே போட்டார்.

அதற்குப் பிறகு பதிவாளர் அம்மாவைக் கூப்பிட்டு, வியாழக்கிழமைதோறும் அரை மணி நேரம் வகுப்பெடுக்கச் சொன்னார்.

"நானா? நான் பள்ளிக்கூடத்தோட நின்னவ சார்."

"அதனாலதான் எங்களுக்குப் புரியுது."

முதல் வியாழன் பதினொரு பேர். மூன்றாவது வாரம் உட்கார இடமில்லாமல் பெரிய விரிவுரைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அன்று துணைவேந்தரே வந்து முதல் வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். நாத்தனாரும் பூக்கடையைச் சாத்திவிட்டு வந்து, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பிடிப்பது எப்படி என்பதுதான் அன்றைய பாடம். அமைப்புகளில் ஒரே ஓர் இடத்தில் முப்பது விநாடி என்று மாற்றி வைத்துவிட்டால் போதும். அனுப்பிய பிறகும் முப்பது விநாடிக்குக் கடிதம் வாசலிலேயே நிற்கும், 'திரும்பப் பெறு' என்று தட்டினால் வீட்டுக்குள் வந்துவிடும்.

"பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு, இத்தனை வருஷமா சொல்லணும்னு நினைச்சதை எழுதி அனுப்புங்க," என்றார் அம்மா. "ஆனா முப்பது எண்றதுக்குள்ள இழுத்துடணும்!"

கூடமே கொதித்தது. நூற்று நாற்பது பேரும் தலையைக் குனிந்து வெறியோடு தட்டினார்கள். வரலாற்றுத் துறை கணிதத் துறையை வாய்க்கு வந்தபடி திட்டி, இருபத்தெட்டாவது விநாடியில் இழுத்தது. இரண்டு இணைப் பேராசிரியைகள் ஒருவர் திரையை ஒருவர் பார்த்துவிட்டு, சிரித்து மேசைமேல் சரிந்தார்கள். நிலவியல் பேராசிரியர் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

துணைவேந்தரும் எழுதினார். பொறுப்பாளர் என்பதால் பொதுப் பட்டியலுக்கு எழுத அவருக்கு அனுமதி உண்டு. 'நாளை அனைவருக்கும் விடுமுறை' என்று ஒரே வரி. அனுப்பினார். தான் எழுதியதைத் தானே ரசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்திலிருந்த பதிவாளரிடம் திருப்பிக் காட்டி, "எப்படி இருக்கு?" என்றார்.

"முப்பது!" என்று கத்தினார் நிலவியல் பேராசிரியர்.

கூடத்தில் நூற்று நாற்பது போன்களும் ஒன்றாக 'டிங்' என்றன.

துணைவேந்தர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தோளைக் குலுக்கினார்.

"இப்ப என்னம்மா பண்றது?" என்றார் துணைவேந்தர்.

"இனி ஒண்ணும் பண்ண முடியாது சார்," என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. "போய்ச் சேர்ந்திடுச்சு."

கூரை பிய்ந்துவிடும் போல ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ குறிப்பேட்டை மேலே வீசினார்கள். அன்று மாலை அம்மாவும் நாத்தனாரும், கணவர் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, இறங்குகிற நிறுத்தம் வருகிற வரைக்கும் நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டே போனார்கள்.