தாளம் கட்டிய குதிரை

ஒரு சாண் நீளத்துக்குத் தோல்பட்டை. உள்பக்கம் வரிசையாக ஆணி முனைகள். வெளியிலிருந்து பார்த்தால் கடிவாளத்தோடு சேர்ந்த அலங்காரம் போலத்தான் இருக்கும்; சிவப்புக் குஞ்சம்கூட உண்டு. கயிற்றைச் சுண்டினால் முனைகள் குதிரையின் வாயோரத்தில் ஏறும். வலி பொறுக்காமல் அது தலையை ஆட்டும், முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். பேண்டு வாத்தியத்தின் அடிக்குச் சரியாகச் சுண்டத் தெரிந்துவிட்டால் போதும், குதிரை டான்ஸ் ஆடுகிறது என்று கல்யாண ஜனங்கள் செல்போனைத் தூக்கிவிடுவார்கள். மற்றவர்கள் அதை முள் லகான் என்பார்கள். எங்கள் அப்பாவுக்கு முள் என்ற சொல்லை வீட்டில் சொல்லப் பிடிக்காது. அவர் அதற்குத் தாளம் என்று பெயர் வைத்திருந்தார். "தாளம் கட்டியாச்சா?" என்று கேட்டால் ஊர்வலத்துக்குக் கிளம்பலாம் என்று அர்த்தம். நானும் என் தங்கையும் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தோம். நாற்பது வயது வரைக்கும் அதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றியதில்லை.

என் தங்கையைக் கட்டியவர் பந்தயக் குதிரைகளைப் பராமரித்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு வெள்ளைக் குதிரையோடு ராயப்பேட்டையில் எங்கள் கொட்டகைக்கே வந்து சேர்ந்தார். அப்பா பாதிக் கொட்டகையை அவருக்குத் தடுத்துக் கொடுத்தார். எங்கள் தொழிலில் வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி இறக்கிவிட்டு வந்துவிடுவோம். இந்த மாப்பிள்ளை மட்டும் இறங்கவே இல்லை. என்னைவிட ஆறு வயது சின்னவர், ஆனாலும் தங்கை புருஷன், வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும். அவரும் மச்சான் மச்சான் என்று நன்றாகத்தான் பழகினார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவருடைய வெள்ளைக் குதிரை ஆடியது. என் பெண் குதிரை செவலையும் ஆடுவாள். ஆனால் இது வேறு. கழுத்தை வளைத்து, காதை முன்னால் நீட்டி, தவிலுக்கு ஒரு நடை, பேண்டுக்கு ஒரு நடை என்று ஆடும். அதன் வாயில் நுரை இல்லை, கண்ணில் மிரட்சி இல்லை. ஒருநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா ஆடுது பாரு! கை வேணும்டா அதுக்கு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். முப்பது வருடம் அவர் பின்னால் நடந்தவன் நான். ஒருநாளும் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். செவலைக்கு ஜரிகைத் துணி போர்த்தி, நெற்றிச்சுட்டி கட்டி அழைத்துப்போயிருந்தேன். மண்டப வாசலில் பெண்ணுக்கு மாமா ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இது வேற குதிரைன்னா? எங்க அக்காவாத்துக் கல்யாணத்துக்கு வந்துதே, அந்த வெள்ளை, அதையில்லையோ கேட்டோம்? என்னமா ஆடித்து அது!" என்றார். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அன்று ஊர்வலம் முழுக்க, தேவைக்கு மேலேயே கயிற்றைச் சுண்டினேன். செவலை நன்றாகத்தான் ஆடினாள். யாரோ விசில்கூட அடித்தார்கள்.

அவர் எப்படி ஆட்டுகிறார் என்பது எனக்குப் பெரிய மர்மமாகிவிட்டது. காலையில் தடுப்புக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே போனில் பேண்டு சத்தம் கேட்கும், நடுநடுவே நாக்கைச் சொடுக்குகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வெளியே வரும்போது கையில் வெல்லம் ஒட்டியிருக்கும். ஒருமுறை அவரே, "மச்சான், அந்தத் தாளத்தக் கழட்டிப் போட்டுட்டு ஆறு மாசம் எங்கிட்ட விடு, செவல தானா ஆடும்" என்றார். என் குதிரையை ஆறு மாசம் கட்டிப்போட்டுவிட்டு எல்லாக் கல்யாணத்தையும் தானே அள்ளிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முள் இல்லாமல் ஒரு குதிரை ஆடும் என்று சத்தியமாக நான் நம்பவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக எங்கேயோ ஒளித்துக் கட்டுகிறார், அதனால்தான் வெளியே தெரியவில்லை, வெல்லமெல்லாம் வெறும் நாடகம் என்று முடிவு கட்டினேன்.

முள் வைத்த லகான் கூடாது என்று சட்டம் வெகுகாலமாகவே இருந்தது. காட்சிக்குப் பழக்கும் விலங்கைப் பதிவு செய்ய வேண்டும், அதை வதைத்துப் பழக்கக் கூடாது என்றும் இருந்தது. எங்கள் சந்துக்குள் அது எட்டிப் பார்த்ததில்லை. பிறகு யாரோ ஒரு கல்யாண வீடியோவைப் பரப்பிவிட, ஊரெல்லாம் பேச்சாயிற்று. எல்லாக் குதிரைக்காரர்களும் பயந்தார்கள். எனக்கு மட்டும் வேறு யோசனை வந்தது. பொறாமை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருந்தேன்.

தேனாம்பேட்டையில் முன்பின் தெரியாத ஒரு கடையில் உட்கார்ந்து டைப் அடித்தேன். கையெழுத்து கிடையாது, பெயர் கிடையாது. தபாலை நந்தனத்தில் போட்டேன். சும்மா ஒரு மொட்டைப் பெட்டிஷன்தான், ஆனால் எவ்வளவு ஜாக்கிரதை! வீட்டுக்கு வந்து என் தோல்பட்டையைக் கழற்றித் தவிட்டு மூட்டைக்குள் புதைத்தேன்.

பத்து நாளில் வந்தார்கள். பிராணி வதைத் தடுப்பு ஆய்வாளர் ஒரு அம்மா, கூட ஒரு கால்நடை மருத்துவர், ஒரு காவலர். என் தங்கை அவர்களுக்கு டீ கொண்டுவந்தாள். ஆய்வாளர் அம்மா சட்டப்படி புகாரைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்: "மேற்படி நபர் வெள்ளைக் குதிரைக்கு ரகசியமாகத் தாளம் கட்டிச் சித்திரவதை செய்து வருகிறார்." நிறுத்தினார். "தாளம் கட்டினா சித்திரவதையா? தாளம்னா இன்னாப்பா, ஜால்ராவா?" என்று காவலரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

தட்டோடு நின்ற என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். உலகத்தில் அந்தப் பொருளுக்கு அந்தப் பெயர் சொல்கிறவர்கள் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தோம். அப்பா காலமான பிறகு நான், தங்கை, மாப்பிள்ளை என்று மூன்றே பேர். எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து சொல்லும் சொல், அது ஊர்ச் சொல் இல்லை என்று யாருக்குத் தோன்றும்? மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து வெள்ளைக் குதிரையின் குளம்பில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மருத்துவர் வெள்ளைக் குதிரையின் வாயைத் திறந்தார். உதட்டை மடக்கி, நாக்கைப் பக்கவாட்டில் இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "குழந்தை வாய் மாதிரி இருக்கு மேடம்" என்றார். என் வயிறு அந்த நேரத்திலும் எரிந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பிறகு அவர், "வந்ததோட அதையும் பார்த்துடலாம்" என்று செவலையிடம் போனார். பட்டையைத்தான் ஒளித்திருந்தேன். வாயை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? வாயோரம் இரண்டு பக்கமும் தழும்பு மேல் தழும்பு. நாக்கில் ஒரு வெட்டு ஆறாமல் வெள்ளையாக இருந்தது. அது மயிலாப்பூர்க் கல்யாணத்து வெட்டு என்று எனக்கு மட்டும் தெரியும். ஆய்வாளர் அம்மா ஒன்றும் திட்டவில்லை. "இவ்ளோ நாள் இது எப்படிய்யா கொள்ளு தின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் செவலையை வண்டியில் ஏற்றினார்கள். எட்டு வருடம் என்னோடு இருந்தவள், பலகை மேல் ஏறும்போது ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "ஏன் மச்சான், மொட்டைப் பெட்டிஷன் போடறவன் நம்ம ஊட்டு பாஷைலயா எழுதுவான்?" என்று கேட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பாதிக்கு மேல் அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. தங்கை ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

இப்போது தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேலாளராக இருக்கிறேன். ஊர்வலக் குதிரை வந்தால், பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு வாயையும் திறந்து பார்ப்பேன். தழும்பு இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். குதிரைக்காரர்கள் திட்டுவார்கள்; மண்டபத்துக்காரர்கள் என்னை ஜீவகாருண்யம் என்பார்கள். ஜீவகாருண்யமாம்! எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான்.

செவலையை என்னிடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. காப்பகத்துக்கு வாராவாரம் போய் நின்றவர் மாப்பிள்ளைதான். ஊர்வலத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து அவளை அழைத்துவந்துவிட்டார். சும்மா வைத்துத் தீனி போடுகிறார். நான் செய்ய வேண்டியதை அவர் செய்கிறார் என்பதற்காக நன்றி வர வேண்டும். எனக்கு வருவது அது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சந்து முனையில் ஏதோ கோயில் ஊர்வலம், பேண்டு அடித்துக்கொண்டு போனது. கொட்டகையில் கயிறுகூட இல்லாமல் நின்ற செவலை, காதை நிமிர்த்தி, ஒரு காலைத் தூக்கினாள். பிறகு அடுத்த காலை. யாரும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல், தானாக ஆடினாள். பேண்டு தூரம் போய்த் தேய்கிறவரை ஆடினாள்.

நான் ஒரு துண்டு வெல்லம் எடுத்துக்கொண்டு அருகில் போனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நீட்டினாலும் தின்பாளாம். என் கையை முகர்ந்தாள். உதட்டருகே வெல்லத்தைக் கொண்டுபோனதும் பல்லைக் கடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தலையை விலக்கவில்லை, ஓடவும் இல்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டு அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"குடு மச்சான்" என்று மாப்பிள்ளை என் உள்ளங்கையிலிருந்து வெல்லத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள்.