மேற்கே சூலம்

வெள்ளிக்கிழமை பத்தரை ஆனால் செல்லச்சாமி அண்ணாச்சி வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பின்னால் தக்காளி லோடு ஏறி, தார்ப்பாய் போட்டு, கயிறும் இறுக்கியாகியிருக்கும். ராகு காலம் முடிகிற வரை பாவூர்சத்திரம் வெயிலில் தக்காளியோடு தக்காளியாக நானும் வேக வேண்டும். அவரோடு சுமை இறக்கப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இந்த எரிச்சல். தாமதத்துக்குப் புனலூர் வியாபாரி திட்டுவது என்னைத்தான்.

அண்ணாச்சி காதில் அதெல்லாம் விழாது. வண்டிக்குள் பிள்ளையார் பக்கத்தில் அன்றைய காலண்டர் தாளை ரப்பர் பேண்டில் செருகியிருப்பார். தன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்தால் அன்று வாயே திறக்க மாட்டார். "நான் பேசுனா சண்டையில முடியும்லே. நீ பேசு." புளியறை செக்போஸ்டில் பதில் சொல்வதும் நான், அவர் புரோட்டாவுக்குச் சால்னா கேட்பதும் நான்.

வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அந்தத் திசையில் போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் வெல்லம் தின்றுவிட்டுப் போகலாம். கேரளா மேற்கேதானே இருக்கிறது? ஸ்டியரிங்கைத் தொடுமுன் ஒரு அச்சு வெல்லம் வாய்க்குள் போகும். ஒருநாள் வெல்லம் இல்லையென்று கருப்பட்டி வாங்கிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்.

"சூலத்துக்கும் வெல்லத்துக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?"

"காலண்டர்ல போட்டிருக்குல்லா. அச்சடிக்கவன் வேலையத்துப் போயா போடுதான்?"

நாங்கள் காத்துக் கிடக்கும்போது கடையநல்லூர் மசூது பாய் லோடோடு எங்களைத் தாண்டிப் போவார். கையும் காட்டுவார். அவர் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. கேட்டால், "அவரு காலண்டர் வேறலே" என்பார் அண்ணாச்சி.

இந்த வருஷம் அண்ணாச்சிக்குச் சர்க்கரை ஏறிக் கால் பெருவிரல் கறுத்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை விடிந்ததும் தென்காசி ஆஸ்பத்திரிக்கு விரலை எடுக்க வர வேண்டும், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது, தள்ளிப் போட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோ பிடித்துக்கொண்டு போனால் மனுஷன் வாசற்படியை விட்டு எழவில்லை. எங்களுக்குத் தென்காசியும் மேற்குதான்.

"தித்திப்பத் தின்னுதான் வெரலு போவுது. இப்பவும் வெல்லமா கேக்கிய?" என்று அவர் சம்சாரம் ஆவுடைத்தாய் மதினி கத்தினாள்.

"வெரலு போனா வண்டி ஓட்டலாம். பாதம் போனா?" என்றேன்.

கறுத்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எப்போதும் சாவியைப் போடும் பையிலிருந்து காலண்டர் தாளில் பொதிந்த வெல்லத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏலே இசக்கி, போறது ஒரே வண்டியிலதான? ஏறுதவன்ல ஒருத்தன் வாய் இனிச்சாப் போதும்."

வாங்கி வாயில் போட்டேன். அவர் என் தோளைப் பிடித்து எழுந்தார். ஆட்டோ நகர்ந்ததும் என் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கடிச்சிராதலே. தென்காசி போய்ச் சேருத வரைக்கும் வாயிலயே வச்சிரு."