ரசம் கூடாத வீடு

நடந்தவை இவை.

1. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.
2. அப்பா தன் காய்கறி லோரியிலேயே அவளைத் தூக்கி உட்காரவைத்து மலையிலேயே இருக்கும் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பக்கவாதம் என்றார்கள். மலைக்குக் கீழே ஈப்போவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.
3. கையும் காலும் மெல்லத் திரும்பின. தொண்டை திரும்பவில்லை. மூக்கு வழியாகக் குழாய் வைத்து ஊட்டினார்கள்.
4. அரைத்த உணவை விழுங்க முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.
5. வீட்டில் சமைக்க என்னைத் தவிர யாரும் இல்லை.

ஐந்தாவதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன் நான். அந்த இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று சொல்வேன். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று சொல்லத் தெரியாது.

விழுங்கும் பயிற்சி தருகிற பெண் மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினார். அம்மாவின் தொண்டை மூடவேண்டிய நேரத்தில் மூடுவதில்லை. தண்ணீர் போல ஓடுவது எதுவானாலும் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் எல்லாம் வழவழப்பாக இருக்கவேண்டும். கட்டி, தோல், நார் கூடாது. கரண்டியில் எடுத்தால் நிற்கவேண்டும், சாய்த்தால் வழுக்கி விழவேண்டும். தேநீரில்கூட கெட்டியாக்கும் தூள் கலக்கவேண்டும். இருமினால் பயப்படாதே, உடம்பு காவல் காக்கிறது என்று அர்த்தம் என்றார். இருமாமலே உள்ளே போவதுதான் ஆபத்து. ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் அவளைப் பேசவை, குரல் ஈரமாக, களகளவென்று கேட்டால் நிறுத்து என்றார்.

முதல் நாள் பாசிப்பருப்பும் அரிசியும் பூசணியும் போட்டுக் கஞ்சி வைத்தேன். மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூட்டில் பருப்பு சரியாக வேகாது. இது எனக்குப் படிப்பிலேயே தெரியும். அடுப்பின் முன்னால் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. பிளெண்டரில் அரைத்து விரலில் தேய்த்துப் பார்த்தால் மணல் மாதிரி நெருடியது. அப்படியே கொட்டினேன். மறுபடி பருப்பை ஊறவைத்து, பிரஷர் குக்கரில் நெடுநேரம் விட்டு, அரைத்து, சல்லடையில் கரண்டியால் அழுத்தி வடித்தேன். இஞ்சியையும் பூண்டையும் அதோடு வேகவைத்திருந்தேன். கடைசியில் கொஞ்சம் நல்லெண்ணெய். அதன் பிறகு ஆவியில் வேகவைத்த முட்டை: முட்டையை அடித்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, நுரையை எடுத்து, மேலே ஒரு தட்டால் மூடிச் சின்னத் தீயில் ஆவியில் வைத்தால் தயிர் மாதிரி உறையும். சமைக்கத் தெரியாத யாரும் இந்த இரண்டையும் செய்யலாம். செய்துவிட்டு ஊட்டுவதுதான் கஷ்டம்.

அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து முதல் கரண்டியைக் கொடுத்தேன். ஏதாவது பேசு என்றேன்.

“உப்பில்ல.”

இரண்டாவது கரண்டி.

“இன்னும் உப்பில்ல.”

மூன்றாவது.

“நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போனா ஓம் மாமியா ஒன்ன வெரட்டிருவா.”

நாக்கு குழறினாலும் குரல் ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அவள் திட்டத் திட்ட எனக்கு மூச்சு வந்தது.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் அடுத்த வீட்டில் இருக்கும் அத்தை மதியம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவோடு கொழுந்து பறித்தவர். கஞ்சியைச் சூடு தாங்கும் டப்பாவில் போட்டுக் காட்டினேன். இது மட்டும்தான், தண்ணி கொடுக்கவே கூடாது என்றேன். இரண்டு தடவை தலையாட்டினார். சில நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தபோதே மிளகு வாசனை வந்தது. அம்மாவின் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர் காலியாக இருந்தது.

“அத்தை, தண்ணி குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?”

“தண்ணி ஒரு சொட்டு குடுக்கல பாப்பா. ரசம்தான். வாய்க்கு ருசியா எதுவும் இல்லன்னு ஒங்கம்மா சொன்னா. மொளவு தட்டிப்போட்டு வச்சேன்.”

தப்பு செய்தவர் முகம் இல்லை அது. தண்ணீர் என்றால் தண்ணீர், ரசம் என்றால் ரசம். காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் எங்கள் லைனில் முதலில் போவது ரசம்தான். அதை யாரும் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

“இருமினாங்களா?”

“ஒரு இருமல் இல்லலா. அழகா குடிச்சிட்டா.”

அம்மாவைப் பேசச் சொன்னேன்.

“நாந்தான் கேட்டேன். அவள ஒண்ணும் சொல்லாத.”

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்றிருந்தது. ரசமும் தண்ணீர் மாதிரியே நுரையீரலுக்குள் ஓடிவிடும் என்று அத்தைக்குச் சொன்னேன். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அம்மாதான் பேசினாள்.

“இன்னும் சாவலடி. எதுக்கு ரெண்டு பேரும் மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க?”

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நிமிர்ந்தே உட்காரவை, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே கொண்டு வா என்றார்கள். அப்பா லோரியோடு கோலாலம்பூரில் இருந்தார். அன்றிரவு காய்ச்சல் இல்லை. காலையிலும் இல்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைக்க ஆரம்பித்தபோது நெற்றி சுட்டது.

சனிக்கிழமை. சுற்றுலாக்காரர்களின் கார்கள் ஸ்ட்ராபெரி கடைகளின் வாசலிலிருந்து டவுன் வரை நின்றன. என் சின்ன காரில் பின்சீட்டில் அத்தை அம்மாவைச் சாயவிடாமல் பிடித்திருந்தார். நான் கண்ணாடியில் அம்மாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தேன். வண்டி நகரும்போது சாலையைப் பார்க்கவேண்டியிருந்தது, அந்த நேரமெல்லாம் அத்தையிடம், “மூச்சு இருக்கா?” என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும், “இருக்கு, நீ ஓட்டு” என்றார்.

நுரையீரலில் தொற்று என்றார்கள். ஊசியில் மருந்து ஏற்றினார்கள். அம்மா மறுபடி வீட்டுக்கு வந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது.

இப்போது நிலைமை இது. மதியம் அரைமணி நேரம் அனுமதி வாங்கி நானே வந்து ஊட்டுகிறேன். அத்தை தினமும் வருகிறார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார், கரண்டியைத் தொடமாட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். அடுத்த மாதம் ஈப்போவில் அம்மா விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கப்போகிறார்கள். அது சரியில்லை என்றால் மறுபடி குழாய். குழாய் வேண்டாம், வாயால் சாப்பிட்டே இருக்கிறேன், நடப்பது நடக்கட்டும் என்கிறாள் அம்மா. நான் அடுத்த கரண்டியைக் கொடுத்து, ஏதாவது பேசு என்கிறேன்.