ரங்கண்ணனும் ஒரு பழைய கப்பும்

ரங்கண்ணன் இறந்துவிட்டார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது போன் வந்தது. ஹார்ட் அட்டாக்... அறுபத்திரண்டு வயதுதான்.

காரமடைப் பக்கம் டிராக்டர் வைத்திருக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். என் கடையிலிருந்து நாலு கடை தள்ளி அவருடைய ஒர்க்‌ஷாப். அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே சர்வீஸ் ஸ்டேஷனில் மெக்கானிக்.

இன்று எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாக எழுதுவீர்கள். நான் உண்மையை எழுதுகிறேன். அவர் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். லேசாக இல்லை... நன்றாகவே.

என் கடையில் ஃபேன், நாற்காலி, டயல் கேஜ் எல்லாம் உண்டு. அவரிடம் ஒரு உடைந்த ஸ்டூல். ஆனாலும் வண்டிகள் என்னைத் தாண்டித்தான் அங்கே போகும். "ஏனுங்க, இங்க போடக்கூடாதுங்களா?" என்று ஒருவரிடம் கேட்டே விட்டேன். "இல்லீங்க, அண்ணன் கையில போட்டாத்தானுங்க நிம்மதி" என்றார். எனக்கு எங்கே நிம்மதி?

முன்சக்கர பேரிங் மாற்றும்போது நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகமானால் சூடாகும், குறைந்தால் சக்கரம் ஆடும். ரங்கண்ணன் இறுக்குவார், கொஞ்சம் திருப்பி விடுவார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து "செரி" என்பார். அவ்வளவுதான்.

சர்வீஸ் ஸ்டேஷனில் ஒருநாள் அவர் டீக்குப் போன நேரத்தில், அவர் மாட்டிய சக்கரத்தில், ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். துளி தப்பு கிடைத்தால் போதும் என்று... முள் நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் என் தப்பு. தனிக்கடை போட்ட புதிதில் ஒரு வாழைத்தோட்டக்காரரின் டிராக்டர் வந்தது. பேரிங் உட்காரும் வெளி வளையத்தை நாங்கள் கப் என்போம். பேரிங் மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும். எவ்வளவு தட்டியும் அது வரவில்லை. பழைய கப்பிலேயே புது பேரிங்கைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டே மாதத்தில் சக்கரம் கத்த ஆரம்பித்தது. தோட்டக்காரர் நேராக ரங்கண்ணனிடம் போய்விட்டார். கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ரங்கண்ணன் ரோடு முழுக்கச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. பேக்கரியில் பார்த்தபோதும் "சாப்ட்டாச்சுங்களா மணி?" என்றதோடு சரி.

அடுத்த வருஷம் அதே தோட்டக்காரர் இன்னொரு சக்கரத்துக்கு என்னிடம் வந்தார். இன்றுவரை என்னிடம்தான் வருகிறார். ரங்கண்ணனிடமிருந்து நான் பிடுங்கிய ஒரே ஆள்... எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்.

இன்று இழவு வீட்டில் அந்தத் தோட்டக்காரர் பக்கத்தில்தான் நின்றேன். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "அந்த மொதத் தடவை பழைய கப்பை உள்ளயே உட்டுப்போட்டனுங்க. என் தப்புதானுங்க."

"தெரியுமுங்க. கழட்டறப்ப நானும் பக்கத்துலதான நின்னேன். இனி உங்க கடைப் பக்கமே வரக்கூடாதுன்னு இருந்தனுங்க. அண்ணந்தான், 'மணிகிட்டயே போங்க, இனி ஆயுசுக்கும் இந்தத் தப்பப் பண்ண மாட்டான்'னாரு."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து என் பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அந்த ஒரு ஆளையும் நீங்கதான் அனுப்புனீங்களா அண்ணா...

இப்பவும் பொறாமையாத்தான் இருக்குதுங்க. போய் வாங்க.